அண்ணன் எழுதிய ஜனாஸாக்கள்

எங்கள் செய்தி நிறுவனத்துக்கு விருது என்று கொழும்பிலிருந்து தொலைபேசியில் சொன்னபோது, காக்கா ஆஸ்பத்திரிக் கட்டிலில் இரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரத்தோடு பிணைந்து கிடந்தார். மெல்லிய குழாய்களில் அவருடைய இரத்தம் போவதும் வருவதுமாக இருந்தது. நான் குனிந்து காதில் சொன்னேன். ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"ஆருக்கு?"

"நமக்குத்தான் காக்கா. ஊடகத்துறைக்குப் பங்களிப்புச் செஞ்ச நிறுவனங்கள் எண்டு நாடு முழுக்கத் தெரிவு செஞ்சிரிக்காங்க. நம்மளையும் போட்டிரிக்காங்க."

"நிறுவனமாம்." சிரிக்கப் பார்த்தார். "பேப்பர் நிண்டு எவ்வளவு காலம்? இப்ப நம்ம ஒரு பேஸ்புக் பக்கம்டா. ஒரு மேல்மாடி, ரெண்டு மேசை, ஒரு பழுதான காத்தாடி." பிறகு மறு கண்ணையும் திறந்தார். "அண்ணனுக்குச் சொன்னியா?"

சொல்லவில்லை. அண்ணன் அந்த மேல்மாடிக்கு வருவதை நிறுத்திப் பெருநாள்கள் பல போய்விட்டன.

இந்தக் கரையில் மூத்த முஸ்லிம் ஆணைக் காக்கா என்போம், மூத்த தமிழ் ஆணை அண்ணன் என்போம். இரண்டு சொல்லுக்கும் அன்பு ஒரே அளவுதான். ஆனால் வாயைத் திறந்த உடனே யார் எந்தத் தெருவில் பிறந்தவர் என்பது தெரிந்துவிடும். காக்கா எங்கள் பத்திரிகையின் ஆசிரியர். அண்ணன் அவரோடு சேர்ந்து அதைத் தொடங்கியவர், மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை. நான் மூன்றாவது கதிரை. கட்டாரில் மணலையும் மேலாளர்களையும் பார்த்துக் களைத்துத் திரும்பி வந்தவன், எந்த வேலையிலும் கால் தரிக்காதவன். கல்முனைக் கடைத்தெருவில், ஒரு புடவைக்கடையின் மேல், புதுத்துணியின் கஞ்சி வாசம் ஏறி வரும் அந்த அறையில்தான் என் கால்கள் முதன்முதலாக அசையாமல் நின்றன. அவர்கள் இருவரும் சண்டை பிடிப்பதைக் கேட்டுக்கொண்டிருப்பதே எனக்குப் போதுமாக இருந்தது. ஒரு காற்புள்ளிக்காக ஒரு பின்னேரம் முழுக்கச் சண்டை பிடிப்பார்கள். தேத்தண்ணி வந்ததும் நிறுத்துவார்கள். குடித்து முடித்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்கள்.

ஒலுவில் கரையைக் கடல் தின்பதை நாங்கள் எழுதினோம். இறக்காமத்து வயல்களுக்குள் யானை இறங்கியதை எழுதினோம். வரிப்பத்தான்சேனைக்குத் தண்ணீர் வராமல் கதிர் பொக்காய்ப் போனதை எழுதினோம். இவற்றுக்காகத்தான் விருது என்று கொழும்புக்காரர் சொன்னார். அவருக்குத் தெரியாது, எங்கள் ஆட்கள் பத்திரிகையைக் கடைசிப் பக்கத்திலிருந்துதான் திறப்பார்கள் என்று. அங்கே இடப்பக்கம் ஜனாஸா அறிவித்தல்கள், முஸ்லிம் வீட்டு மரணங்கள். வலப்பக்கம் தமிழ்ப் பகுதிகளின் மரண அறிவித்தல்கள். இடப்பக்கத்தை அண்ணன் எழுதினார். வலப்பக்கத்தைக் காக்கா எழுதினார்.

அப்படி மாற்றி வைத்ததற்கு ஒரு காரணம் இருந்தது. தொடக்க நாட்களில் காக்காதான் ஜனாஸாக்களை எழுதினார். தன் தெருவிலேயே ஒருவர் மௌத்தானபோது, அவருடைய இரண்டாவது குடும்பத்துப் பிள்ளைகளின் பெயர்களைப் போடாமல் விட்டுவிட்டார். குடும்பத்தைத் தெரியும், சங்கடம் வேண்டாம் என்று நினைத்தார். அந்தப் பிள்ளைகள் மாடிப்படி ஏறி வந்து, ஒன்றும் கதைக்காமல், மேசைக்கு முன்னால் நின்றுவிட்டுப் போனார்கள். காக்கா அன்று சாப்பிடவில்லை. அண்ணன்தான் அவரிடம் சொன்னார்:

"நான் எழுதியிருந்தா கேட்டிருப்பன் காக்கா. எத்தினை பிள்ளையள் எண்டு கேட்டிருப்பன். எனக்குத் தெரியாதே."

காக்கா நிமிர்ந்து பார்த்தார். "அப்ப நீங்களே எழுதுங்க. எங்கட மௌத்த நீங்க எழுதுங்க. உங்கட சாவ நான் எழுதுறன். தெரிஞ்சவன் கேக்கமாட்டான்."

அன்றிலிருந்து அதுதான் வழக்கம். ஒரு முஸ்லிம் வீட்டில் உயிர் போனால், அண்ணன் வெள்ளைச் சேட் போட்டுக்கொண்டு சைக்கிளில் போவார். படலைக்கு வெளியே செருப்பைக் கழற்றுவார். கதவோரம் நின்று ஒரே ஒழுங்கில் கேட்பார்: வாப்பாட பேர் என்ன, ஆருட கணவர், பிள்ளையள் எத்தினை, எந்தப் பள்ளி, எந்தத் தொழுகைக்குப் பிறகு, எந்த மையவாடியில் அடக்கம். முஸ்லிம்கள் நாங்கள் மையித்தை, இறந்த உடலை, வைத்திருப்பதில்லை, சில மணி நேரத்துக்குள் அடக்கிவிடுவோம். அதனால் பத்திரிகை நின்று, எல்லாம் தொலைபேசிக்கு மாறிய பிறகு, அண்ணனின் வேலை இன்னும் அவசரமாகிவிட்டது. இறக்காமத்தில் வெட்டு வயலில் நிற்கும் மருமகன் சேற்றுக்காலோடு மோட்டார் சைக்கிளில் ஏறுவது அண்ணன் போட்ட அறிவித்தலைப் பார்த்துத்தான். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொன்னது காற்றோடு போகும், அண்ணன் போட்டால் உறுதி என்பார்கள்.

ஊர் அவரைச் சும்மா விடவில்லை. தேத்தண்ணிக் கடையில் அவருக்கு வைத்த பெயர், மலக்குல் மௌத்தின் தம்பி. உயிரைக் கைப்பற்ற வரும் வானவருக்கு அடுத்த பிள்ளையாம்.

"அண்ணன், எங்கட தெருவால சைக்கிள் விடாதீங்க. உம்மாக்குக் காச்சல். உங்களக் கண்டா மனிசி பயத்தில போயிரும்."

"நான் வந்தாத்தான் போவா எண்டு இல்ல தம்பி. போனாத்தான் நான் வருவன்."

காக்காவுக்கு வலப்பக்கம் அவ்வளவு இலகுவாக வரவில்லை. தமிழ் வீடுகளின் நாள் கணக்குகள் அவரைக் குழப்பும். ஒரு வீட்டில், பெட்டி இன்னும் முற்றத்தில் இருக்கும்போதே, முப்பத்தோராம் நாளுக்கு எத்தனை மணிக்கு வரச் சொல்ல என்று கேட்டுவிட்டார். இறந்தவரின் மகள் அழுகையை நிறுத்திவிட்டுச் சொன்னா: "காக்கா, எங்கட அப்பாவ இன்னும் எடுக்கவே இல்ல. அதுக்குள்ள ஆளுகளச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுறீங்க." செத்த வீடு சிரித்தது. காக்காவும் சிரித்துக்கொண்டே வந்து அண்ணனிடம் சொன்னார். அண்ணன் மேசையில் தலையை வைத்து, கண்ணீர் வரச் சிரித்தார்.

அதற்குப் பிறகு தமிழ்த் தெருக்களுக்கும் முஸ்லிம் தெருக்களுக்கும் எல்லைச் சண்டை வந்தது. ஊரின் எல்லைக் கோட்டை எங்கே போடுவது, யாருடைய தெரு யாருடைய அரச கந்தோரின் கீழ் வருவது என்று, பழைய சண்டைதான், புதிதாகக் கிளம்பியது. நாங்கள் இரண்டு பக்கத்தையும் எழுதினோம். இரண்டு பக்கமும் எங்கள் வரிகளை முகர்ந்து பார்த்தது. கோயில் கூட்டத்தில் அண்ணனிடம் யாரோ கேட்டார்களாம், அவங்கட பேப்பரில உனக்கென்ன வேலை என்று. பள்ளி வாசலில் காக்காவிடமும் யாரோ கேட்டார்கள். இருவரும் அதை ஒருவருக்கொருவர் சொல்லவில்லை. எனக்குத்தான், தனித்தனியாக, தெரியவந்தது.

அவர்கள் கோபித்துக்கொள்ளவில்லை. அப்படிக் கோபித்திருந்தால் நான் சமாதானம் பேசியிருப்பேன். ஒரு திங்கட்கிழமை அண்ணன் வரவில்லை, செவ்வாயும் வரவில்லை. சைக்கிள் நிற்கும் இடத்தில் புடவைக்கடைக்காரர் வெற்றுப் பெட்டிகளை அடுக்கத் தொடங்கினார்.

"போய்க் கூட்டி வருவமா காக்கா?" என்றேன்.

"நான் அந்தத் தெருவுக்குள்ள போனா மறுகா அவருக்குத்தான் கரைச்சல். அவராக வரட்டும்."

"அப்ப ஜனாஸாக்கள ஆர் எழுதுற?"

"ஒருத்தரும் எழுதுற இல்ல. அது அண்ணன்ட பகுதி. அப்பிடியே விடு."

விட்டோம். தமிழ் வீட்டு மரணங்களைக் காக்கா தொடர்ந்து எழுதினார், நாள்களைப் பிழையில்லாமல். ஜனாஸாப் பகுதியில் கடைசியாக இருந்தது ஏதோ ஒரு பழைய மௌத். ஆட்கள் திட்டினார்கள். வேறு பக்கங்கள் முளைத்து, ஜனாஸாக்களை எடுத்துக்கொண்டன. காக்கா மாறவில்லை. பிறகு அவருடைய சிறுநீரகங்கள் அவரைக் கைவிட்டன.

விருதுச் செய்தியோடு நான் அண்ணனைத் தேடிப் போனேன். கடற்கரையில், அவருடைய மச்சானின் மீன்வாடிக்குப் பின்னால், பழைய வலையை விரித்து நெத்தலி காயப்போட்டிருந்தார். கையில் ஒரு ஈர்க்குக் கட்டு, தலைக்கு மேல் காகங்கள்.

"வாங்க தம்பி. பாத்தீங்களா, செய்தி ஆசிரியருக்குப் புது உத்தியோகம். காகம் கலைக்கிற."

"விருதாம் அண்ணன்."

"பாத்தன். பக்கத்தில போட்டிருந்தீங்க. 'மட்டற்ற மகிழ்ச்சியடைகிறோம்' எண்டு முடிச்சிருந்த. ஆரு எழுதின?"

"நான்தான்."

"அதானே. காக்கா ஒரு நாளும் அப்பிடி எழுதமாட்டார். மட்டற்ற எண்டா என்னத்தால அளந்த எண்டு கேப்பார்."

எங்கள் பக்கத்தை அவர் விடாமல் பார்த்து வந்திருக்கிறார் என்று அப்போதுதான் விளங்கியது. வேறு பக்கங்களைப் பார்ப்பதில்லையாம். "அதுகள் பேரில பிழை விடுதுகள். பாக்க வயிறு எரியும்." ஒரு காகத்தை ஈர்க்குக் கட்டால் கலைத்தார். "எங்கட சித்தி செத்ததுக்குக் காக்காதானே எழுதின?"

"ஓம்."

"வாசிச்சன். பெறாமக்கள்ள, அக்காட மகனா, என்ர பேரையும் போட்டிருந்தார். ஆரிட்டக் கேட்டாராம்?"

"கேக்கல்ல. உங்கட பேர் அவருக்குத் தெரியும்தானே."

அண்ணன் ஈர்க்குக் கட்டைக் கீழே வைத்தார். ஒரு காகம் இறங்கியது. அவர் அதைக் கலைக்கவில்லை.

"தானும் நீங்களும் மேடைக்குப் போகணும் எண்டு காக்கா சொல்றார்," என்றேன். "அவருக்கு ஏலாது. நீங்களாவது வாங்க. அவருக்கு அதுதான் ஆசை."

"காக்காவக் கட்டில்ல விட்டிட்டு, நான் போய் அவர்ர பொன்னாடையப் போத்திக்கொண்டு நிக்கிறதா? போங்க தம்பி. நீங்களே போய் வாங்குங்க. நான் காக்காவப் பாக்க வாறன்."

"உண்மையாவா? எப்ப?"

"வியாழன்தானே விழா. நீங்க வெள்ளி வந்திருவீங்க. பின்னேரம் நேராச் சாமானோட வீட்டுக்கு வாங்க. நான் அங்க இரிப்பன். மூணு பேருமா இருந்து பாப்பம். அவர் அதில ஒரு எழுத்துப் பிழை கண்டுபிடிப்பார்."

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குத் திரும்பியிருந்த காக்காவிடம் போய்ச் சொன்னேன்.  அவர் உடனே தன் மனைவியிடம், எங்கள் மதினியிடம், சொன்னார்: "வெள்ளிக்கிழம அண்ணன் வாறார். அவர் சீனி போடாமத்தான் குடிப்பார், மறந்திராத. அந்த நாவிதர வரச் சொல்லு. தாடிய ஒள்ளுப்பம் ஒதுக்கணும்." மதினி முகத்தைத் திருப்பிக்கொண்டு குசினிக்குள் போனா. அவர் ஏதாவது கேட்பதே அப்போது அரிதாகிவிட்டிருந்தது.

நான் முதல் நாளே கொழும்புக்குப் போய்விட்டேன். வியாழன் காலை, தங்குவிடுதியில் சேட்டுக்குப் பொத்தான் பூட்டிக்கொண்டிருந்தபோது காக்காவின் மகன் தொலைபேசியில் எடுத்தான்.

"சாச்சா, வாப்பா மௌத்தாகிட்டார்."

 வாறன் என்றேன்.

"வந்து சேரமாட்டீங்க சாச்சா. பின்னேரம் அஸர் தொழுகைக்கு எடுக்கிறம். நீங்க நிண்டு அத வாங்கிட்டு வாங்க. வாப்பா இரிந்தாலும் அதத்தான் சொல்லியிரிப்பார்."

மௌத்துக்குச் சொல்லும் இன்னாலில்லாஹியைச் சொல்லி முடித்ததும் நான் ஒவ்வொருவராகத் தொலைபேசியில் எடுத்தேன். ஒலுவிலில் எங்களுக்குப் படம் எடுப்பவர், வரிப்பத்தான்சேனையிலிருந்து எழுதுபவர், இறக்காமத்துக்காரர். எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எல்லோரும் புறப்பட்டுக்கொண்டிருந்தார்கள். அண்ணனுக்கு நான் எடுக்கவில்லை. மகனும் எடுக்கவில்லை. ஒலுவில்காரரும் எடுக்கவில்லை. பிறகு ஒவ்வொருவரிடமும் கேட்டுப் பார்த்தேன், எல்லோருக்கும் ஒரே பதில்தான் இருந்தது: அண்ணனுக்குத் தெரியாத ஜனாஸாவா? அத்தனை வருடமும் ஊருக்கே மௌத்தை அறிவித்தவர். அவருக்கு ஒருவர் சொல்ல வேண்டும் என்பது எங்கள் யாருடைய புத்தியிலும் எழவில்லை.

பள்ளிகளில் சொன்னார்கள். ஆனால் அன்று அண்ணனின் தெருவில் அம்மன் சடங்கு, காலையிலிருந்து அங்கே ஒலிபெருக்கி பாடிக்கொண்டிருந்தது. மற்றப் பக்கங்கள் எல்லாம் போட்டன, அவர் அவற்றைப் பார்ப்பதில்லை. எங்கள் பக்கத்தில் ஒன்றும் இல்லை.

கொழும்பு மண்டபம் குளிர்ந்தது. பெரிய தொலைக்காட்சிகள், வானொலிகள், மலையகத்திலிருந்து ஒரு மாத இதழ், வடக்கிலிருந்து ஒரு வாரப் பத்திரிகை. ஒவ்வொரு நிறுவனத்தின் பங்களிப்பையும் ஒரு பெண் இனிமையான குரலில் வாசித்தா. எங்களுடையது வந்தது. கடலரிப்பு, யானை, வயல், தண்ணீர். எல்லாம் சரியாகத்தான் எழுதியிருந்தார்கள். நான் மேடைக்குப் போனேன். யாரோ என் தோளில் பொன்னாடையைப் போர்த்தினார். அந்த நேரம் ஊரில் அஸருக்குப் பாங்கு சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தேன். மையித்தைச் சுமக்கும் சந்தூக்கின் ஒரு காலை நான் தூக்கியிருக்க வேண்டும். என் தோளில் சரிகைதான் கிடந்தது, பாரமே இல்லாமல்.

ஓரிரு வார்த்தை பேசச் சொன்னார்கள்.

"எங்கள் பத்திரிகையில் ஆட்கள் அதிகம் வாசித்தது நீங்கள் சொன்ன எதையும் அல்ல," என்றேன். "மரண அறிவித்தலைத்தான்."

மண்டபம் சிரித்தது. நல்ல மனிதர்கள், பகிடி என்று நினைத்துவிட்டார்கள். எங்கள் ஆசிரியர் இன்று காலை காலமானார் என்று அதற்குப் பிறகு சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நன்றி சொல்லி இறங்கினேன்.

ஊரில் நடந்ததைப் பிறகு கேட்டு அறிந்தேன். அண்ணனால் வெள்ளிவரை பொறுக்க முடியவில்லை. வியாழன் பின்னேரமே வெள்ளைச் சேட் போட்டுக்கொண்டு, சைக்கிளில், இத்தனை காலமும் வராத தெருவுக்குள் வந்திருக்கிறார். காக்காவின் வீட்டுக்கு முன்னால் ஒரு சின்ன லொறி நின்றது. ஜனாஸா நலன்புரிச் சங்கத்து ஆட்கள் பிளாஸ்ரிக் கதிரைகளை ஒன்றுக்குள் ஒன்று அடுக்கி ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"ஆருக்குத் தம்பி?" என்று அண்ணன் கேட்டாராம்.

கதிரை ஏற்றியவர் சிரித்துவிட்டாராம். "என்ன அண்ணன், எங்களுக்கிட்டக் கேக்கிறீங்க?"

அதற்குப் பிறகுதான் அவர் அண்ணனின் முகத்தைப் பார்த்திருக்கிறார். அண்ணன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டாராம். மையவாடிக்குக் கூட்டிப் போகட்டுமா என்று கேட்டதற்கு, "மூடினதுக்குப் புறகு போய் நான் ஆரிட்ட என்னத்தக் கேக்கிற?" என்று சொல்லிவிட்டு, ஏறாமல், சைக்கிளை உருட்டிக்கொண்டே போய்விட்டாராம்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு நான் அவரிடம் போனேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "வாங்க, போவம்," என்றார். "வெள்ளிக்கிழம வாறன் எண்டு சொன்ன நான்தானே."

எங்கள் பக்கத்தில் அந்த ஜனாஸா அறிவித்தல் இன்றுவரை வரவில்லை. நான் பலமுறை தட்டச்சு செய்து அழித்திருக்கிறேன். எனக்கு எல்லாம் தெரியும், அதனால் நான் எழுதக் கூடாது. அண்ணனிடம் எழுதித் தரும்படி நான் கேட்கவில்லை, அவராகவும் எழுதுகிறேன் என்று சொல்லவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை காக்காவின் வீட்டில் மதினி இத்தாவில் இருந்தா. கணவனை இழந்த பெண் நாலு மாதமும் பத்து நாளும் பிற ஆண்களின் முன்னால் வரக் கூடாது. எத்தனையோ வருடம் அண்ணனுக்குத் தன் கையால் தேத்தண்ணி கொடுத்தவ, இப்போது உள்ளறைத் திரைக்குப் பின்னால் இருந்தா. மகன் கதிரை போட்டான். நான் விருதைப் பையை விட்டு எடுக்கவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. அண்ணன் கதிரையில் இருக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, கதவோரம், மற்ற வீடுகளில் எப்படி நிற்பாரோ அப்படி நின்றார்.

"தங்கச்சி," என்றார், திரையைப் பார்க்காமல். "அவர்ர வாப்பாட பேர் என்ன?"

மகன் என்னைப் பார்த்தான். அண்ணனுக்கு அது தெரியாதா?  திரைக்குப் பின்னாலிருந்து மதினி பெயரைச் சொன்னா.

"பிள்ளையள் எத்தினை?"

சொன்னா.

"எந்தப் பள்ளி?"

சொன்னா. எந்தத் தொழுகைக்குப் பிறகு, எந்த மையவாடி. ஒவ்வொன்றுக்கும் அவ பதில் சொன்னா, குரல் உடைந்தாலும் விட்டுவிடாமல். அண்ணன் ஒவ்வொன்றுக்கும் "ஓம்" போட்டார். அவர் கையில் பேனை இல்லை, தொலைபேசியும் இல்லை.

"எழுதல்லியா அண்ணன்?"

"இல்ல தங்கச்சி. சும்மா கேட்டன்." பிறகு, எந்த வீட்டிலும் அவர் கேட்டு நான் அறியாத ஒன்றைக் கேட்டார். "கடைசியா என்ன சொன்னார்?"

திரை கொஞ்சம் அசைந்தது.

"விடியச் சுபஹ் தொழுததுக்குப் பிறகு கேட்டார், இண்டைக்கு வெள்ளியா எண்டு. நான் இல்ல, வியாழன் எண்டு சொல்லிட்டன் அண்ணன்." அவ அழத் தொடங்கினா. "பொறவு ஒண்டும் கதைக்கல்ல. ஓம், வெள்ளிதான், அண்ணன் இப்ப வந்திருவார் எண்டு நான் சொல்லியிரிக்கலாம். சொல்லியிரிக்கலாம்தானே?"

அண்ணன் அப்போதுதான் கதிரையில் இருந்தார். மகன் நீட்டிய தேத்தண்ணியை வாங்கினார். அதைக் குடித்து முடித்தார்.

"வியாழன்தானே தங்கச்சி," என்றார். "நீங்க சொன்னது சரி."